அட்மின் வேறு, தலைவர் வேறு: அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு வாக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்கள் பலவும் ஏதோ ஓர் அவசரத்தில் பிறந்தவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, யார் வீட்டில் குடிநீர் மிச்சம் இருக்கிறது என்று கேட்க ஒருவர் தொடங்கியிருப்பார். மழை வடிந்த பிறகும் அவரே அட்மின். நாளடைவில் பராமரிப்புக் கட்டணம், செக்யூரிட்டி ஏஜென்சி, பெயின்ட் என்று எல்லா முடிவும் அந்தக் குழுவிலேயே எடுக்கப்படுகிறது. அன்று அவர் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் குழுவைத் தொடங்கியதால் மட்டும் முடிவெடுக்கும் உரிமை வந்துவிடாது.

முதல் தவறு, ஆட்களை எண்ணுவது. வாட்ஸ்அப்புக்குத் தெரிவது கைபேசி எண் மட்டுமே. ஒரு வீட்டில் கணவர், மனைவி, மகன் மூவரும் குழுவில் இருந்தால் மூன்று வாக்கு. பக்கத்து வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர் தனியாக இருந்தால் ஒன்றும் இல்லை. வாக்கெடுப்புக்கு முன்பே வீட்டு எண் வாரியாக ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் வாக்களிக்கும் ஒரு கைபேசி எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள். குழுவில் இல்லாத வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டுப் பதியுங்கள். வாடகைக்கு இருப்பவர்களின் கருத்தைத் தனியாகக் கேட்பது நல்லது. பெரிய செலவுகளுக்கென்று சேர்த்து வைக்கும் கார்ப்பஸ் நிதி உரிமையாளர்களின் பணம். ஆனால் லிஃப்ட் நின்றால் ஐந்து மாடி ஏறுகிறவர் வாடகைக்காரராகவும் இருப்பார்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பின் அமைப்பிலும் கவனம் தேவை. ஒருவர் பல விடைகளைத் தேர்வு செய்யும் வசதி தானாகவே இயக்கத்தில் இருக்கும். ஒரு விடைதான் வேண்டும் என்றால் அனுப்புவதற்கு முன் அதை அணைக்க வேண்டும். போட்ட வாக்கைப் பிறகு மாற்றவும் முடியும். ஆகவே முடியும் நாளையும் நேரத்தையும் கேள்வியிலேயே எழுதுங்கள். அந்த நேரத்தில் இரண்டு பேர் தனித்தனியாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்குப் போட்டு திங்கள் காலை முடிப்பது அநியாயம். ஒரு ஞாயிறு உள்ளடங்கும்படி 72 மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களும் நைட் ஷிஃப்ட் போகிறவர்களும் அப்போதுதான் பங்கெடுக்க முடியும்.

இன்னும் பெரிய சிக்கல், வாக்கு வெளியே தெரிவது. யார் எதற்கு வாக்களித்தார் என்பதைக் குழுவே பார்க்கிறது. எண்ணிக்கையும் உடனுக்குடன் ஏறுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எதிர்த்துப் போடத் தயங்குவார்கள். வாசல் கேட்டுக்கு எந்த நிறம் என்ற கேள்விக்கு இது பரவாயில்லை. ஒரு மனிதரைப் பற்றிய கேள்வி என்றால் வாட்ஸ்அப் வாக்கெடுப்பு கூடவே கூடாது. செயலாளர் தேர்தல், வாட்ச்மேனை நீக்குவது, ஒரு வீட்டின் மீதான புகார் எல்லாம் இதில் அடங்கும்.

அதற்குச் சீட்டும் பெட்டியும் போதும். இணையத்தில்தான் வேண்டும் என்றால் கூகுள் ஃபார்ம் வைக்கலாம். ஆனால் லிங்க் கிடைத்தவர் யாரும் நிரப்பலாம். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று கட்டுப்படுத்தினாலும் இரண்டு ஜிமெயில் வைத்திருப்பவர் இரண்டு முறை போடுவார். இதற்கு ஒரு வழி உண்டு. வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆறு இலக்கக் குறியீடுகளைத் துண்டுச் சீட்டுகளில் அச்சிட்டு, ஒரே மாதிரி உறைகளுக்குள் போட்டு ஒட்டி, கலைத்துவிடுங்கள். வீட்டுக்கு ஒரு உறை. வாங்கியதற்குப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும். எந்த வீட்டுக்கு எந்தக் குறியீடு என்பது யாருக்கும் தெரியாது. பட்டியலில் இல்லாத குறியீடு செல்லாது. ஒரே குறியீடு இரண்டு முறை வந்தால் முதல் வாக்குதான் கணக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஃபார்மில் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை அணைக்க மறந்தால் இத்தனையும் வீண்.

கேள்வியை அமைப்பதிலும் முடிவு மாறிப்போகும். இப்போதுள்ள செக்யூரிட்டி ஏஜென்சி, புதிதாக இரண்டு ஏஜென்சிகள் என்று மூன்று தேர்வுகள் வைத்ததாகக் கொள்வோம். 96 வாக்குகளில் பழையதற்கு 38, புதியவற்றுக்கு 32, 26. பழையதே வென்றதாக அறிவிக்கப்படும். ஆனால் மாற்றம் கேட்டவர்கள் 58 பேர்! முதலில் 'மாற்றலாமா' என்று கேட்டு, பிறகு 'யார்' என்று கேளுங்கள். அல்லது அதிக வாக்கு பெற்ற இரண்டுக்கு மட்டும் மறுவாக்கெடுப்பு வையுங்கள்.

"யாரும் மறுப்புச் சொல்லவில்லை, எனவே எல்லாருக்கும் சம்மதம்" என்பது தவறான கணக்கு. குழுவை மியூட் செய்து வைத்திருப்பவர் பார்த்திருக்கவே மாட்டார். குறைந்தது எத்தனை வீடுகள் வாக்களித்தால் முடிவு செல்லும் என்பதை முன்பே வகுத்துவிடுங்கள். பணம், நிர்வாகிகள், பைலா (சங்க விதிகள்) சம்பந்தப்பட்டவற்றைப் பொதுக்குழுக் கூட்டத்தில்தான் நிறைவேற்ற வேண்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் என்றால், நிர்வாகக் குழு மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செக்கில் கையெழுத்திடுபவரை மாற்றப் போனால் வங்கியில் கேட்பது தீர்மான நகலை, ஸ்கிரீன்ஷாட்டை அல்ல.

மதிப்பு யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்கப் பதில் போடுகிறவர் தலைவராகிவிடுகிறார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு 'சார்' என்ற அழைப்போடு நாற்காலியும் வந்துவிடுகிறது. விடிகாலையில் தண்ணீர் லாரி முழு லோடு இறக்கியதா என்று சம்ப்பை, அதாவது தரைக்கடித் தொட்டியை, எட்டிப் பார்க்கிறவரின் பெயர் எங்கும் வருவதில்லை. பல இடங்களில் அந்த வேலையைச் செய்கிறவர் வீட்டுப் பெண். கமிட்டிப் பட்டியலில் இருப்பதோ கணவர் பெயர். இது மாறியே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை யார் எந்த வேலையைப் பார்த்தார்கள் என்று பெயரோடு குழுவில் போடுங்கள். 'விருப்பம் உள்ளவர்கள் சொல்லலாம்' என்று பொதுவில் கேட்டால் வழக்கமானவர்களே கை தூக்குவார்கள். உழைக்கிறவர்களைத் தனியே சந்தித்துத் தேர்தலில் நிற்கச் சொல்லுங்கள்.

கணக்கு வைக்காமல் மறுபடி போட்டியிட விடுவதும் தவறு. சென்னைக்குத் தென்மேற்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டும் வாய்ப்பளித்த முறை அது. அந்தக் குறுகலை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்றும், கடந்த மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் பெயர் சேராது என்றும் அதில் இருக்கிறது. இந்த இரண்டையும் பைலாவில் சேர்க்கத் தயங்கக் கூடாது.

அட்மின் ஒருவரே இருப்பது ஆபத்து. மூவர் இருக்கட்டும்; அதில் ஒருவர் கமிட்டிக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். யாரையேனும் நீக்க நேர்ந்தால் இருவர் ஒப்புதல், எழுத்தில் காரணம், திரும்பச் சேர்க்கும் தேதி மூன்றும் வேண்டும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை யாரையும் நீக்கக் கூடாது. 'அட்மின் மட்டும் பதிவிடலாம்' என்று குழுவைப் பூட்டவும் கூடாது.

முடிவு வந்த ஏழு நாட்களுக்குள் பழைய நிர்வாகிகள் அட்மின் உரிமை, வங்கிப் புத்தகம், மின்வாரியப் பொது இணைப்பு எண், குடிநீர் வாரிய எண், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், சிசிடிவி பாஸ்வேர்டு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். பாஸ்வேர்டை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.