தவிடும் கருவாடும்: பன்றித் தீனியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியான்மரின் பெகு, தட்டோன் பக்கத்துக் கொட்டில்களில் பன்றிக்குத் தினமும் விழுவது தவிடும் குருணையும் நறுக்கிய வாழைத்தண்டும்தான். குட்டி தேறவில்லை என்றால் உடனே கடலைப் புண்ணாக்கைக் கூட்டுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கடலைப் புண்ணாக்கில் புரதம் சுமார் 40 சதவீதம். ஆனால் தசை வளரத் தேவையான லைசின் என்ற புரதக் கூறு அதில் குறைவு, எள்ளுப் புண்ணாக்கிலும் குறைவு. லைசின் தீர்ந்ததும் மிச்சப் புரதம் தசையாகாமல் சிறுநீரில் போகும். காசு போய்க் கொட்டில் நாற்றம்தான் கூடும்.

ஈடுகட்ட மீன்தூளும் சோயாவும் வேண்டும். பச்சைச் சோயா செரிமானத்தைக் கெடுக்கும். நன்றாக வறுத்தோ வேகவைத்தோதான் போட வேண்டும். மழைக்காலத்துப் புண்ணாக்கைப் பிட்டுப் பாருங்கள். பூசணம் தெரிந்தால் கொட்டிவிடுங்கள். பூசணம் விடும் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் வேகவைத்தாலும் போகாது.

20 முதல் 50 கிலோ வரையுள்ள பன்றிக்கு 100 பங்கில்: தவிடு 40, குருணை 37, கடலைப் புண்ணாக்கு 8, வறுத்த சோயா 7, மீன்தூள் 6, சுண்ணாம்புக்கல் தூள் 1.25, தாதுக் கலவை 0.5, உப்பு 0.25. கிலோவில் நிறுத்தாலும் வீசையில் நிறுத்தாலும் விகிதம் மாறாது. புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். வெற்றிலைச் சுண்ணாம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதைக் கலக்காதீர்கள், வாய் வெந்துவிடும்.

மீன்தூளுக்குப் பதில் கழிவுக் கருவாடு போடுகிறவர்கள் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். உப்புக் கரித்தால் அலசிக் காயவைத்து அரையுங்கள், தனி உப்பை விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர்த் தொட்டி வற்றிக் கிடந்தால் அந்த உப்பே விஷம். பன்றி கண் தெரியாததுபோல் சுற்றும், சுவரில் முட்டும், வலிப்பு வந்து விழும். அப்போது தொட்டியை நிரப்பிவிடக் கூடாது. ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

தவிட்டில் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். பாஸ்பரஸ் நிறைய இருந்தும் பெரும்பகுதி பைட்டேட் என்ற, பன்றிக்குச் செரிக்காத சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. பால் கொடுக்கும் தாய்ப்பன்றி பின்னங்கால் தளர்ந்து உட்கார்ந்துவிடுவது இதனால்தான். அதைக் கண்டு பயந்து கிளிஞ்சல் தூளை அள்ளிப் போடுவது அடுத்த தவறு. மிஞ்சிய கால்சியமும் பைட்டேட்டும் சேர்ந்து துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது. வயிற்றிலும் தொடையிலும் தோல் தடித்துப் பொருக்கு கட்டும். பலர் சொறி என்று ஊசி போடுகிறார்கள். சொறியானால் பன்றி ஓயாமல் சுவரில் உரசும். துத்தநாகக் குறைவில் அரிப்பு அவ்வளவாக இருக்காது.

சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு நாளுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது ஏறக்குறைய 1 மில்லிகிராம். மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போட வேண்டும். காது வெளுத்து மூச்சு வாங்கும்வரை காத்திருந்தால் அந்தக் குட்டி வளர்ச்சியில் பின்தங்கிவிடும்.