ஃபிரிட்ஜில் ‘குடும்பம்’ என்று ஒட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை: முக்கியமானதைத் தினசரிப் பழக்கமாக்கும் முறை

போன வருடம் ஜனவரி 1 அன்று ஏழு பழக்கங்களை ஒன்றாகத் தொடங்கினேன். பொங்கல் லீவு முடிவதற்குள் ஏழும் போயின. அப்புறம் ஒன்றே ஒன்றை வைத்துத் தொடங்கியது இன்றுவரை நிற்கிறது. அதைச் செய்த விதம் இது. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: எது முக்கியம்?

விழுமியம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். வீட்டில் ‘எனக்கு எது முக்கியம்’ என்போம், அவ்வளவுதான். இதை உட்கார்ந்து யோசிக்காதீர்கள். யோசித்தால் நேர்மை, அன்பு, ஆரோக்கியம் என்று பேச்சுப்போட்டித் தலைப்புகள்தான் வரும். போன மாதத்து கால் லிஸ்ட்டையும் ஜிபே கணக்கையும் திறந்து பாருங்கள். எந்த இடம் உறுத்துகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் லிஸ்ட்டில் அப்பாவுக்கு நான்கு கால்கள். நான்கும் ஒரு நிமிடத்துக்குள், எல்லாம் ‘வண்டி சாவி எங்கே’ வகை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

படி 2: பெயர்ச்சொல்லை வினையாக்குங்கள்

நான் மூன்று மாதம் சிக்கிக் கிடந்த இடம் இதுதான். ‘குடும்பம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் பார்த்தேன். பார்த்ததோடு சரி. ‘அப்பாவுக்கு நேரம் ஒதுக்குவேன்’ என்று மாற்றினேன். அதுவும் உதவவில்லை. எப்போது, எவ்வளவு, எங்கே என்று அதில் எதுவுமே இல்லையே.

இப்போது நான் வைத்திருக்கும் சோதனை: படுக்கப் போகும்போது ‘இன்று செய்தேனா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். இழுத்தால் இன்னும் உடைக்க வேண்டும். கடைசியில் என் வரி இப்படி ஆனது:

‘ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருவேன்.’

இதில் மணி இல்லை, கவனியுங்கள். முதலில் ஒன்பது மணிக்கு அலாரம் வைத்தேன். ஒருநாள் பஸ் லேட், ஒருநாள் அவர் குளிக்கப் போயிருப்பார். தட்டு மட்டும் தினமும் கழுவப்படுகிறது. ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுகிற திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999லேயே எழுதியிருக்கிறார். நான் அலாரத்தோடு மல்லுக்கட்டிய பிறகுதான் படித்தேன்.

படி 3: இலக்கு

இலக்கு என்றால் ஒருநாள் முடிந்துபோக வேண்டும். என்னுடையது, அப்பாவின் மில் வேலைக் கதைகளை 80 பக்க நோட்டு ஒன்றில் எழுதி முடிப்பது. நோட்டு முடிந்தாலும் உட்காருவது தொடரும்.

படி 4: குறித்து வையுங்கள்

ஆப் வேண்டாம். மூன்று போட்டுப் பார்த்தேன். 41ஆம் நாள் வரை வந்து ஒருநாள் தவறியதும் கணக்கு பூஜ்யத்துக்குப் போனது. அந்தக் கடுப்பில் ஒரு வாரம் உட்காரவே இல்லை. மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் போதும். செய்த நாளில் ஒரு டிக், அவ்வளவுதான். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்றில் கவனம் வைத்து, தவறியதற்கெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்தார். அந்தப் பதிமூன்றில் அவரையே படுத்தியது ‘ஒழுங்கு’. எனக்குப் புள்ளி ஒத்துவராது, டிக்தான்.

எந்தப் பழக்கமும் 21 நாளில் பழகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், நடுக்கணக்கு (பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்கு மேல்) 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது. இடையில் ஒருநாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை.

சேர்க்கை (பின்னூட்டங்களுக்குப் பிறகு):

ஷிஃப்ட் வேலை, சாப்பாட்டுக்கே நேரம் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுவதோடு கோத்துவிடுங்கள். எந்த ஷிஃப்டிலும் அது நடக்கும். வேலை நெருக்கும் வாரத்தில் பத்து நிமிடம் இரண்டு நிமிடமாகக் குறையட்டும். டிக் உண்டு.

‘பக்கத்தில் உட்கார்ந்தும் அவர் பேசவில்லையென்றால்?’ என்று இன்னொருவர். என் அப்பாவும் இரண்டு வாரம் டிவி செய்தியைத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்றாவது வாரம் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “என்னடா, பணம் எதுவும் வேணுமா?” என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, நைட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் தூங்கிக்கொண்டே வந்த கதையை ஆரம்பித்தார். நோட்டு இப்போது 31ஆம் பக்கத்தில் இருக்கிறது.