சிலிண்டர் எங்கே கசிந்தது?

வீட்டில் காய்ச்சும் பீருக்காக வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பத்தே நாளில் காலி. எவ்வளவு மிச்சம் என்று அறிய, அழுத்தம் காட்டும் மீட்டரை நம்ப முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை, 20 டிகிரியில் முள் 57 பார் பக்கமே நிற்கும். எடை போட்டால்தான் தெரியும்.

புது சிலிண்டரை மாட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். குழாய், கிளாம்ப் எல்லாம் சரி. ரெகுலேட்டர் சிலிண்டரோடு சேரும் நட்டின் அடியில் மட்டும் கடுகளவு குமிழ்கள், மெல்ல ஊதிப் பெருத்தன. வால்வை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுக் கழற்றினேன். உள்ளே வாஷர் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. இந்த நிலையில் நட்டை மட்டும் இறுக்குவது வீண் வேலை. புது நைலான் வாஷர் போட்டு ஸ்பேனரால் இறுக்கினேன். அப்புறம் மறுபடி சோப்புத் தண்ணீர்: குமிழே இல்லை. ஒரு வாரம் கழித்தும் எடை அப்படியே இருந்தது.