மின்சாரக் கார் ஓட்டுபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் செய்வது, ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் "வண்டி எப்படி?" என்று கேட்பதுதான். தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருபவர் "தங்கமான வண்டி" என்பார். வாரத்தில் மூன்று முறை பெங்களூருக்கு வாடகை ஓட்டுபவர் "பாதி நாள் சார்ஜ் போடுவதிலேயே போய்விடுகிறது" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. இரண்டுமே வண்டியைவிட அவரவர் பயணத்தைப் பற்றிய கருத்துகள். ஆகவே கருத்தைக் கேட்பதற்கு முன், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார், இரவில் வண்டி எங்கே நிற்கிறது, வீட்டிலேயே சார்ஜ் போட வசதி உண்டா, பேட்டரி எத்தனை யூனிட் (கிலோவாட்-மணி, அதாவது kWh), இதுவரை மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பயணத்துக்கு நெருக்கமாக ஓட்டுபவரின் சொல்லுக்கே எடை அதிகம்.

பெரும்பாலான குறைகள் ரேஞ்சை, அதாவது ஒருமுறை முழுதாகச் சார்ஜ் போட்டால் ஓடும் தூரத்தைப் பற்றியவை. நிறுவனம் அறிவிக்கும் தூரம் சோதனைக்கூடத்தில் கணக்கிட்டது. நெடுஞ்சாலையில் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நியாயமான அளவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 80-இல் போகிறவர் 100-க்கு மாறினால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். எனவே "எவ்வளவு ஓடுகிறது?" என்று கேட்கும்போதே "எந்த வேகத்தில்?" என்றும் கேளுங்கள்.

நம் மாவட்டங்களில் இதனுடன் ஏற்றமும் சேர்கிறது. கிருஷ்ணகிரியைவிட ஓசூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 2 யூனிட் மின்சாரம் வேண்டும். 30 யூனிட் பேட்டரி உள்ள என் காரில், கிருஷ்ணகிரியில் கிளம்பி மேலுமலை ஏறி, சூளகிரி வழியாக ஓசூர் சேரும்போது 32 சதவீதம் குறைந்திருந்தது. அதே சாலையில் திரும்பி இறங்கியபோது 21 சதவீதம்தான் செலவானது. யாராவது "ஓசூருக்கு இருபது சதவீதம் போதும்" என்று சொன்னால், அது போகும்போதா வரும்போதா என்று கேட்காமல் நம்ப வேண்டாம்.

இறக்கத்தைப் பற்றி ஓட்டுநர்கள் சொல்லும் நல்ல வார்த்தைகளை அப்படியே ஏற்கலாம். தொப்பூர் கணவாயில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, அந்தச் சக்தி பேட்டரிக்கும் திரும்புகிறது, பிரேக் சூடாவதில்லை. ஆனால் பேட்டரி நிறைந்திருக்கும்போது இந்தப் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பென்னாகரத்தில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு உடனே ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்குபவர், கால் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழைய பழக்கத்தை இந்த வண்டியில் அறவே விட்டுவிட வேண்டும்.

அடுத்து, வீட்டில் சார்ஜ் போடுவது. ஓட்டுநர்கள் அதிகம் பேசாத, ஆனால் வாங்குபவரை முதல் வாரத்திலேயே மடக்கிப்போடும் விஷயம் இதுதான். 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட்தான் கிடைக்கும். 30 யூனிட் பேட்டரி நிரம்ப ஓர் இரவு முழுவதும் ஆகும். என் வீட்டில் முதல் நாள் சார்ஜரைச் செருகியதும் பச்சை விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியில்தான் கோளாறு என்று நான் பதறினேன். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது எர்த் குழி காய்ந்து மண் பிளந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்த பிறகே பச்சை விளக்கு வந்தது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே எர்த்தைச் சோதித்துவிடுங்கள்; சார்ஜருக்கெனத் தனி ஒயரும், மின்சாரம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் எம்.சி.பி. சுவிட்சும் போடச் சொல்லுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள், பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று ஒருவர் பெருமைப்பட்டால், அவருடைய இரண்டு மாத மின்கட்டண ரசீதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும்.

வழியில் உள்ள சார்ஜர்களைப் பற்றிய மனக்குறை எனக்கும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு நிலையத்தில், செயலியில் இரண்டு கன்களும் (வண்டியில் செருகும் சார்ஜர் முனைகள்) வேலை செய்வதாகக் காட்டியதை நம்பி 14 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தேன். ஒன்று செயலிழந்திருந்தது, மற்றொன்றில் முன்னால் ஒரு வண்டி நின்றது. அந்த ஓட்டுநர் 80 சதவீதத்தைத் தாண்டியும் கழற்றவில்லை. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் மளமளவென்று குறையும் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று முதல் 25 சதவீதத்துக்குக் கீழே போவதற்கு முன்பே சார்ஜ் போடுகிறேன். அடுத்த நிலையம் எது என்பதையும் கிளம்பும் முன் குறித்துக்கொள்கிறேன்.

சத்தமின்மை, கியர் இல்லாத சுகம், பிக்கப் ஆகியவற்றில் கருத்து வேறுபாடே இருப்பதில்லை. டயர் சீக்கிரம் தேய்கிறதா, ஸ்டெப்னி கொடுத்தார்களா, 12 வோல்ட் சிறு பேட்டரி எப்போதாவது இறங்கி வண்டியை முடக்கியதா, பழுது என்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஏற்றி அனுப்ப வேண்டியிருந்ததா என்று மறக்காமல் கேளுங்கள். பெரிய பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். எத்தனை சதவீதத்துக்குக் கீழே திறன் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்ட பிறகு, ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதோடு திருப்தி அடைய வேண்டாம். குடும்பத்தை ஏற்றி, ஏ.சி. போட்டு, நீங்கள் அடிக்கடி போகும் சாலையிலேயே போய்த் திரும்புங்கள். அவ்வளவு தூரம் தர மறுத்தால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கிளம்பும்போதும், திரும்பும் இடத்திலும், வீடு வந்து சேர்ந்ததும் திரையில் தெரியும் சதவீதத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.