ஃபில்டரைச் சுருதிப்பெட்டியோடு பாடவிட்டுப் பாருங்கள்

சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஏர்கான் இரவில் மட்டும்தான். பகலில் அறை 31 டிகிரி, இரவில் 25. சிந்தசைசருக்காக நான் கட்டிய லேடர் ஃபில்டரைப் (உயர் ஒலிகளை வடிகட்டும் சுற்று) பகலில் சுருதி சேர்த்தால் இரவில் விலகியிருக்கும். மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவருக்கு நடையாய் நடந்து கெபாசிட்டர்களை மாற்றினேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை.

பாகங்களைக் கழற்றுமுன் இதைச் செய்யுங்கள். ரெசொனன்ஸை, அதாவது வெளியீட்டை மறுபடி உள்ளே திருப்பும் பின்னூட்டத்தை, முழுக்க ஏற்றினால் ஃபில்டர் தானே பாடும். கட்-ஆஃபைத் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) திருகி, சுருதிப்பெட்டியின் சட்ஜத்தோடு சேருங்கள். ஒரு ஹெர்ட்ஸ் விலகினாலும் நொடிக்கு ஒருமுறை ‘வோம்... வோம்’ என்று துடிக்கும். சேர்ந்தால் அந்தத் துடிப்பு அடங்கும். பிறகு கட்-ஆஃபின் கட்டுப்பாட்டு வோல்டேஜில் ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் வீதம் 2 வோல்ட் கூட்டி, இரண்டு ஸ்தாயி மேலே உள்ள சட்ஜத்தையும் கேளுங்கள். ஏர்கானைப் போட்டு அரைமணி கழித்து இரண்டையும் மறுபடி கேளுங்கள்.

இரண்டும் ஒரே அளவு நகர்ந்தால், கட்-ஆஃபை ஆளும் டிரான்சிஸ்டர் ஜோடி பொருந்தவில்லை. இடைவெளியே விரிந்தால் அது வெப்பத்தின் வேலை. அந்த ஜோடியின் பேஸில் (டிரான்சிஸ்டரின் கட்டுப்பாட்டு முனை) ஒரு ஸ்தாயிக்குச் சுமார் 18 மில்லிவோல்ட் வேண்டும், டிகிரிக்கு 0.33 சதவீதம் அது கூடும். 6 டிகிரிக்கு 2 சதவீதம். இரண்டு ஸ்தாயியில் 48 சென்ட், அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட பாதி! பேஸிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டருக்குப் பதில், அதே மதிப்புள்ள 3300 பிபிஎம் டெம்ப்கோவைப் (டிகிரிக்கு 0.33 சதவீதம் மதிப்பு கூடும் ரெசிஸ்டர்) போட்டு, வெப்பப்பசை தடவி ஜோடியின் முதுகோடு ஒட்டுங்கள்.

ஜோடிதான் பொருந்தவில்லை என்றால், மீட்டரில் அளந்து வேறு ஜோடி பொறுக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. டிரான்சிஸ்டரை இடுக்கியால் பிடியுங்கள். விரல்சூட்டில் அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கிவிடும். நமக்கு வேண்டிய பொருத்தமே 2 மில்லிவோல்ட்டுக்குள்தான். மீட்டரின் கடைசி இலக்கம் அசையாமல் நிற்கும்வரை வியர்த்தாலும் பொறுங்கள்.

அடுத்தது, ரெசொனன்ஸை ஏற்றும்போது கீழ் ஒலி மெலிவது. சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் 1969இல் காப்புரிமை பெற்ற அந்த லேடரோடு கூடவே பிறந்த குணம் இது. தானே பாடும் நிலையில் பின்னூட்டம் 4 மடங்கு. கீழ் ஒலி ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 14 டெசிபல் இறங்கும். பின்னூட்டப் பெருக்கியில் வெளியீடு நுழையும் முனைக்கு எதிர்முனையில், உள்ளே வரும் சிக்னலில் பாதியைக் கலந்துவிடுங்கள். இழப்பு 4.4 டெசிபல்தான் இருக்கும். முழுதும் கலந்தால் இழப்பே இராது, ஆனால் ரெசொனன்ஸை ஏற்றும்போது லேடர் திணறிக் கரகரக்கிறது. என் காதுக்குப் பாதிதான் சரி.