ஏன் மருத்துவம்? அமெரிக்காவில் வெள்ளையரல்லாத மாணவர்கள் தங்கள் காரணத்தைக் கண்டறிந்து எழுதும் முறை

அமெரிக்காவில் மருத்துவராக விரும்பும் மாணவர் பெரும்பாலும் இரண்டு முறை தம்மை விளக்க வேண்டியிருக்கிறது. பள்ளி இறுதியாண்டில் இளநிலைப் படிப்புக்காக ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுதுகிறார். சில ஆண்டுகள் கழித்து, மருத்துவக் கல்லூரிகளுக்கான ‘ஆம்காஸ்’ விண்ணப்பத்தில், இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகளுக்குள் மற்றொரு கட்டுரை எழுதுகிறார். முதற்கட்டுரைக்குத் தலைப்புகள் பல உண்டு. இரண்டாவது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் ஏன் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல விரும்புகிறீர்கள்? கறுப்பின, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடி, ஆசியக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. என் இனத்தைப் பற்றி நான் எழுதலாமா, எழுதினால் எவ்வளவு எழுதுவது என்று அவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதற்கான வழிகளை இங்கே கூறுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் தொடர்பான வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சேர்க்கையில் ஒருவருடைய இனத்தை இனம் என்ற அளவிலேயே கணக்கில் எடுத்துக்கொள்வதை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் இனம் தம் வாழ்க்கையைப் பாகுபாடாகவோ ஊக்கமாகவோ வேறு வகையிலோ எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைப் பல்கலைக்கழகங்கள் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதே தீர்ப்பில் எழுதினார். அந்த அனுபவம் அந்தத் தனிமனிதரின் துணிவையோ திறனையோ காட்டுவதாக இருக்க வேண்டும் என்பது அதனோடு சேர்ந்த நிபந்தனை. எனவே ‘நான் இன்ன இனத்தவள்’ என்ற வாக்கியத்துக்குத் தனியே எடை கிடையாது. ‘இது நடந்தது, அப்போது இதைக் கண்டேன், பிறகு இதைச் செய்தேன்’ என்பதற்கு உண்டு. நீதிமன்றம் சொல்வதற்கு முன்பும் நல்ல கட்டுரைகள் அப்படித்தான் எழுதப்பட்டன என்பது வேறு விஷயம்.

எழுத உட்காருவதற்கு முன் சேகரிக்க வேண்டும். ஒரு குறிப்பேட்டில் இருபது முப்பது தருணங்களை எழுதிவையுங்கள். எந்த ஆண்டு, எந்த அறை, யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற அளவில் குறித்தால் போதும். அந்நேரத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்பதற்கு அடைமொழிகள் வேண்டாம். மருத்துவமனையில் நடந்தவற்றை மட்டும் தேட வேண்டாம். யாரும் சொல்லாமலேயே நீங்கள் தொடர்ந்து செய்துவந்த வேலை எது, எந்தப் பாடத்தில் தேர்வுக்குத் தேவையானதைத் தாண்டியும் படித்தீர்கள், எந்த இடத்தில் வெட்கமும் கோபமும் ஒருசேர வந்தன என்பவையும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். முதல் நாளில் நினைவுக்கு வருபவை எல்லோருக்கும் வருபவை. உங்களுக்கே உரியவை மெதுவாகத்தான் மேலே வரும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் மருத்துவர் முன்னிலையில் பாட்டிக்காக மொழிபெயர்த்த அனுபவத்தை எழுதுகிறார்கள். வரைவில் அது பெரும்பாலும் ‘அன்றே மருத்துவராக முடிவு செய்தேன்’ என்று முடிந்துவிடுகிறது. படிப்பவருக்கு அந்த முடிவில் நம்பிக்கை வருவதில்லை, ஏனென்றால் ஒன்பது வயதுக் குழந்தை அப்படி முடிவு செய்திருந்தாலும் அது இருபத்திரண்டு வயதுக்காரரின் காரணம் ஆகாது. அதே நினைவை இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். பாட்டி சொன்னதில் எதை நீங்கள் விட்டுவிட்டீர்கள்? மருத்துவர் சொன்ன எந்தச் சொல்லுக்கு உங்களிடம் தமிழோ ஸ்பானிய மொழியோ இல்லாமல் போயிற்று? அதனால் மருந்து தவறாக எடுக்கப்பட்டதா? கூட்டரசு நிதி பெறும் மருத்துவமனைகள், நெருக்கடி நேரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்ப்பாளர்களாக நம்பியிருக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு முதல் விதிகள் கூறிவருகின்றன. அதைப் பின்னாளில் அறிந்தபோது உங்களுக்கு என்ன தோன்றிற்று? அதன் பிறகு மருத்துவ மொழிபெயர்ப்புப் பயிற்சி பெற்று ஒரு மருத்துவ நிலையத்தில் வாரந்தோறும் நின்றீர்கள் என்றால், அந்தக் குழந்தைப் பருவ அறைக்கு இப்போதுதான் பொருள் வருகிறது.

சேகரித்தவற்றைச் சலிக்கும் வேலை அடுத்தது, இதுவே கடினமானது. ஒவ்வொரு தருணத்தையும் எடுத்து, இதற்கு விடை மருத்துவம்தானா என்று கேளுங்கள். அநீதியைக் கண்டு கொதித்தேன் என்றால், வழக்கறிஞராகலாம். ஒரு வட்டாரமே நோயுற்றிருப்பதைக் கண்டேன் என்றால், பொதுச் சுகாதாரம் படிக்கலாம். நோயாளியின் அருகில் இருந்து தேற்ற விரும்புகிறேன் என்றால், செவிலியர் மருத்துவரைவிட நெடுநேரம் அருகில் இருக்கிறார். ‘மக்களுக்கு உதவ விரும்புகிறேன்’ என்ற விடை இந்தத் தொழில்கள் அனைத்துக்கும் பொருந்துவதால் எதற்கும் பொருந்தாத விடையாகிவிடுகிறது. மருத்துவருக்கே உரிய வேலை எது? முழுத் தகவல் இல்லாதபோதும் நோய் இன்னதென்று கணித்து, சிகிச்சையைத் தீர்மானித்து, அந்தத் தீர்மானம் தவறினால் அதற்குப் பொறுப்பேற்பது. அந்த வேலையை அருகிருந்து பார்த்திருக்கிறீர்களா, பார்த்த பிறகும் விரும்புகிறீர்களா என்பதைக் காட்ட வேண்டும். மருத்துவரை உடனிருந்து கவனித்தது, அவசர மருத்துவ உதவியாளராகப் பணியாற்றியது, இறுதிநிலைப் பராமரிப்பு இல்லத்தில் தொண்டு செய்தது போன்ற அனுபவங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. பெற்றோரின் ஆசையே உங்களை இதுவரை கொண்டுவந்தது என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆசை எந்த நாளில் உங்களுடையதாயிற்று என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

காரணம் கூர்மையாக இருப்பது எப்படி என்று அறிய ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியின் மாணவியர் இருவரைப் பார்க்கலாம். 1886-இல் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷி, தம் நாட்டுப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்றிருப்பதையும், அவர்களுக்கு மருத்துவ உதவி அளிக்கவே தாம் சாதியினரின் எதிர்ப்பையும் மீறி வந்திருப்பதையும் தம் விண்ணப்பக் கடிதத்தில் எழுதினார். 1889-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறிய ஒமாஹா பூர்வகுடிப் பெண் சூசன் லா ஃப்ளெஷ், சிறுமியாக இருந்தபோது, பலமுறை ஆள் அனுப்பியும் வெள்ளை மருத்துவர் வராததால் ஒரு மூதாட்டி இறந்துபோவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். படித்து முடித்ததும் தம் மக்களிடமே திரும்பி, 1913-இல் நெப்ராஸ்காவின் வால்ட்ஹில் ஊரில் ஒரு மருத்துவமனை திறக்கப்படக் காரணமானார். இருவருடைய காரணத்திலும் ஒரு குறிப்பிட்ட இடைவெளி தெரிகிறது: இன்ன நோயாளிக்கு இன்ன மருத்துவர் இல்லை. அவர்கள் இன அடையாளத்தைத் தனியே அறிவிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

வரலாற்றையும் புள்ளிவிவரங்களையும் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதில் எனக்குச் சற்றுக் கண்டிப்பான கருத்து உண்டு. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்த 1910-ஆம் ஆண்டின் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு ஏழு கறுப்பினர் மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின என்பதும், 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் (சிஃபிலிஸ்) சிகிச்சை மறுக்கப்பட்டு ஆய்வு நடந்தது என்பதும் கட்டுரையைப் படிக்கும் குழுவினருக்குத் தெரிந்தவையே. அவற்றை ஒரு பத்தியில் அடுக்கினால் 5,300 எழுத்துகளில் ஒரு பங்கு வீணாகும். ஆனால் ஒரு தகவல் உங்கள் கையில் பட்டதாக இருந்தால் கதை வேறு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி கறுப்புத் தோலில் உண்மையைவிட உயர்ந்த அளவைக் காட்டிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு பரவலாக உணர்த்தியது. செவிலியர் உதவியாளராக வேலை பார்த்த மாணவர் ஒருவர், கருவி 95 என்று காட்டியபோதும் தம் நோயாளி மூச்சுக்குத் திணறுவதைக் கண்டு மருத்துவரை அழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் அந்த ஆய்வைப் படித்தபோது அவருக்கு ஏற்பட்ட கேள்வி அறிவியலும் இனமும் சந்திக்கும் இடத்தில் பிறந்த உண்மையான கேள்வி; அதை எழுதலாம். சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிடும் சூத்திரத்திலிருந்து, கறுப்பினத்தவருக்கு மட்டும் விடையை உயர்த்திக் காட்டிய இனத்துக்கான பெருக்கெண் 2021-இல் நீக்கப்பட்டதும் இதே வகைப் பொருள்தான்.

துன்பத்தை விற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. நேர்காணலில் முன்பின் தெரியாதவர் ஒருவர் அதைப் பற்றித் துருவிக் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்; முடியாது என்றால் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, அதை விட்டுவிடுங்கள். வறுமை, பள்ளியின் தரம், குடும்பச் சூழல் போன்ற தடைகளைச் சொல்ல ஆம்காஸ் விண்ணப்பத்தில் 1,325 எழுத்துகள் கொண்ட தனிப்பகுதி உண்டு. அவற்றை அங்கே வைத்துவிட்டால் முதன்மைக் கட்டுரை ‘ஏன்’ என்ற கேள்வியை விட்டு விலகாமல் இருக்கும். செயல்பாடுகளுக்கும் தனியே 15 இடங்கள் இருப்பதால் அவற்றைக் கட்டுரையில் மறுபடி பட்டியலிட வேண்டாம். ‘என் சமூகத்துக்கே திரும்பிச் சென்று சேவை செய்வேன்’ என்ற உறுதிமொழியை, அதே சமூகத்தில் ஏற்கெனவே செலவிட்ட மணிநேரங்கள் தாங்கி நிற்கும்போது மட்டும் எழுதுங்கள். வெள்ளை மாணவரிடம் எவரும் எதிர்பார்க்காத அந்த வாக்குறுதியைக் கொடுக்காமலும் மருத்துவராகலாம்.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். மக்கள்தொகையோடு ஒப்பிட்டு மருத்துவத்தில் குறைவாக உள்ள இனங்களைக் கணக்கிடும்போது இந்திய வம்சாவளியினர் பொதுவாக அதில் சேர்வதில்லை. கறுப்பின மாணவரின் கதையை இரவல் வாங்கி எழுதினால் முதல் பத்தியிலேயே அது தெரிந்துவிடும். போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்தின் நினைவோ, வீட்டில் மூன்று தலைமுறையாகத் தொடரும் நீரிழிவோ, மனநோயைப் பற்றி வாய் திறக்காத உறவினர்களோ உங்களுடையவை என்றால், அவையே போதுமானவை.

வரைவை ஓர் அறையில், ஒரு நிகழ்ச்சியில் தொடங்குங்கள். அது எழுப்பிய ஐயத்துக்கும், ஐயத்தைத் தீர்க்க நீங்கள் செய்ததற்கும், அதில் மருத்துவப் பணியைப் பற்றிப் புரிந்துகொண்டதற்கும் வரிசையாக இடம் கொடுங்கள். பிறகு உங்களை நன்கு அறிந்த ஒருவரிடமும் அறியாத ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். அறிந்தவர் இது நீதானா என்று சொல்வார். அறியாதவரிடம், எதற்காக இவர் மருத்துவராக விரும்புகிறார் என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள், அவர் சொல்லும் விடை நீங்கள் எண்ணியதாக இல்லையென்றால் பழுது கட்டுரையில்தான் இருக்கிறது. கடைசிப் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பதும் பயன்தரும். பெரும்பாலான வரைவுகள் அது இல்லாமலேயே நன்றாக இருக்கின்றன. காகிதத்தைப் பார்க்காமல் இரண்டு நிமிடத்தில் இதே காரணத்தை வாய்விட்டுச் சொல்லியும் பழகுங்கள், நேர்காணலில் இந்தக் கேள்வி மறுபடி வரும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து முதலியன ஆம்காஸ் பெட்டியில் நிலைக்காது என்பதால் வெற்று உரையாகவே ஒட்டுங்கள். சமர்ப்பித்த பிறகு கட்டுரையைத் திருத்த இயலாது. ஆகவே ஒட்டிய பின்னர், பெட்டிக்குள் இருப்பதையே முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.