அல்லித் தொட்டியில் அந்துப்பூச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் அல்லி இலைகள் முதன்முறை வெட்டுண்டு கிடந்தபோது, நான் கப்பி மீன்களின் மேல் பழியைப் போட்டேன். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். நத்தையோ மீனோ கடித்த ஓரம் ஒழுங்கின்றிப் பிய்ந்திருக்கும். கத்தரியால் நறுக்கியதுபோல நீள்வட்டத் துண்டு ஒன்று காணாமல் போயிருந்தால், அது நீருக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுவின் வேலை.

அந்தத் துண்டைக் குப்பை என்று எண்ணி விட்டுவிடுவது அடுத்த தவறு. இலையின் அடியில் ஒட்டியோ நீரில் மிதந்தோ கிடக்கும் துண்டை நகத்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு இலைத்துண்டுகளை இழையால் சேர்த்துக் கட்டிய உறைக்குள், பழுப்புத் தலையோடு வெளிறிய புழு சுருண்டிருக்கும். பாராபாயின்க்ஸ் பேரினத்துப் புழுக்களின் உடலோரத்தில் வெண்ணூல் கற்றை போன்ற கிளைத்த செவுள்கள் உண்டு. எலோஃபிலா பேரினத்தின் வளர்ந்த புழுக்களோ செவுளின்றி, உறைக்குள் காற்றைத் தேக்கிவைத்துக்கொள்கின்றன. ஆகவே இலையை நீருக்குள் அமிழ்த்திப் புழுவைக் கொல்ல முயல்வது வீண்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மருந்தடிக்கும் அவசரம்தான். கடைகளில் எளிதில் கிடைக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. கொசுப்புழுவைத் தின்னும் கப்பிகள் செத்தால் தொட்டி கொசுக்களுக்குத்தான் பயன்படும். நெல் வயலில் இதேபோல இலையால் உறை கட்டி வாழும் கூண்டுப்புழு விழுந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிரின் மேல் இழுத்து, உதிர்ந்த கூண்டுகளோடு நீரை வடித்துவிடுவார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு, தொட்டியிலும் மண்ணெண்ணெய் ஊற்றுபவர்கள் உண்டு. வயல் சில நாள் நீரின்றித் தாங்கும், செவுளால் மூச்சுவிடும் அந்தப் புழு தாங்காது. மீன் வாழும் தொட்டிக்கு அந்த வைத்தியம் பொருந்தாது.

தினமும் காலையில் துண்டுகளைக் கையால் பொறுக்கி வெயிலில் காயப்போடுவதே போதுமானது. பூச்சிகள் இரவில் வெளிச்சத்தை நாடி வருவதால், தொட்டியருகே விளக்கை எரியவிடாதீர்கள்.

நாற்றங்காலில் வாங்கிய செடியை அப்படியே தொட்டியில் இறக்குவதும் தவறு. முட்டைகள் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் இருக்கும்; அங்கே துடைத்துக் கழுவி, சில வாரங்கள் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். ஆசியாவைச் சேர்ந்த பாராபாயின்க்ஸ் டிமினுடாலிஸ் 1976-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வேலம்பாசி (ஹைட்ரில்லா) என்ற நீர்ச்செடியில் காணப்பட்டது. நீர்ச்செடி வணிகத்தோடு ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கழித்த செடிகளை அல்சூர் ஏரியில் வீசக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.